கருப்பையாவின் அப்பாவைக் கூப்பிட்ட குரல்

காலையில் மேரியின் தம்பி போன் செய்தார். "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே" என்றார். முந்தின நாள் மேரி பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்திருக்கிறார். மூளையில் ரத்தக்கசிவு. கடைசிவரை கண் விழிக்கவில்லை.

நான் மேரியின் ஊரான ஆவூருக்குப் போய்ச் சேர்ந்தபோது உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்குள்ளிருந்து மேரியின் குரல் கேட்டது. யாரையோ கூப்பிடும் குரல். உள்ளே அவருடைய அம்மா செல்போனில் எங்கள் நாடகத்தைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரோ நிறுத்தப் போனார்கள். "நிறுத்தாதீங்க. அவ வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கட்டும்" என்றார் அம்மா.

ஆரோக்கியமேரியை உங்களில் பலர் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டிருக்கிறீர்கள். மன்னராட்சி முடிந்து புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த அந்தக் கொந்தளிப்பான மாதங்களை நாங்கள் பாட்காஸ்ட் நாடகமாகச் செய்தோம். நான் எழுதினேன். அரசியல் கூட்டத்துக்குப் போன இடத்தில் காணாமல் போன ஒரு விவசாயியின் மனைவியாக அவர் நடித்தார். காலம்தான் உண்மை. ஆட்களெல்லாம் கற்பனை.

என் வீட்டு அறையில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டுத்தான் பதிவு செய்வோம். அந்த மனைவி ஊர் எல்லையில் நின்று கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். மேரி மைக்கை விட்டு விலகினார்.

"அண்ணே, அந்தக் காலத்துல புருசன் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

"பிறகு எப்படிக் கூப்பிடுவாள்?"

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கூப்பிட்டார். "கருப்பையா அப்பா... ஏங்க, கருப்பையா அப்பா..."

என் கதையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே கிடையாது. கருப்பையா யார் என்று கேட்டேன். "தெரியலண்ணே. வாயில வந்துச்சு" என்றார். நன்றாக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பகுதி வெளியான சில நாட்களில் பொன்னமராவதியிலிருந்து ஒரு பெரியவர் போனில் பேசினார். பேரன் போட்டுக் காட்டியிருக்கிறான். "எங்க ஆத்தா குரலு ஒங்களுக்கு எப்படிங்க கெடைச்சுச்சு?" என்றார். பெயர் கேட்டேன். கருப்பையா என்றார்.

ஊருக்குப் பத்துக் கருப்பையா இருப்பார்கள் என்று மேரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போயிப் பாத்துட்டு வந்துருவோம்ணே" என்றார்.

ஒரு ஞாயிறு மதியம் போனோம். பெரியவரின் அப்பாவும் அந்த மாதங்களில்தான் கூட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினாராம், திரும்பவே இல்லையாம். "புடிச்சுக்கிட்டுப் போனாங்களா, பயந்துபோயி கப்பலேறிட்டாரா, ஒண்ணும் தெரியல. ஆத்தா சாகுற வரைக்கும் தாலிய அவுக்கல. நானும் இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் திதி குடுக்கல. உசுரோட இருக்கறவருக்கு எப்படிக் குடுக்கறது?" அப்படிச் சொல்லிவிட்டு மேரியைப் பார்த்தார். "ஒருவாட்டி கூப்புடு ஆத்தா."

மேரி தயங்கினார். பிறகு உட்கார்ந்தபடியே, சத்தமே இல்லை என்று சொல்லும்படி, கூப்பிட்டார். பெரியவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவர் மருமகளும் பார்த்தார். நானும் பார்த்தேன். வெயில் காய்ந்த தெருவில் யாருமில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் எங்கள் யாராலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

கிளம்பும்போது பெரியவர் என் கையைப் பிடித்தார். "கதையிலயாவது அவரக் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க. உசுரோட வேணாம்."

நான் எழுதியிருந்த, இன்னும் பதிவு செய்யாத முடிவில் அந்த விவசாயி கிடைக்கவே மாட்டார். அதுதான் அந்தக் காலத்தின் உண்மை என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் மேரியோடு வாக்குவாதம் வந்தது. முடிவை மாற்றினால் பொய்யாகிவிடும் என்றேன். "நீங்க எழுதுறதே கதைதானண்ணே. தெரியாமக் கெடக்கறவங்களுக்கு ஒரு எடத்தக் காட்டுனா என்ன கொறஞ்சுபோயிரும்?" என்றார். மறுநாள் மாற்றி எழுதினேன். கண்மாய்க் கரையில் உடல் கிடைக்கிறது. மனைவி அடையாளம் சொல்கிறாள். மேரி அதை ஒரே மூச்சில் பேசி முடித்தார். அன்று அவர் குரலில் அழுகை இல்லை. ஒருவிதமான களைப்பு இருந்தது, வெகுதூரம் நடந்து வந்தவர்போல.

அந்த ஆடி அமாவாசைக்குக் கருப்பையா தன் அப்பாவுக்கு முதல்முறையாகத் திதி கொடுத்தார்.

மேரியின் அடக்கத்துக்கு அவர் மாலையோடு வந்திருந்தார். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. "எங்க அப்பாவக் கண்டுபிடிச்சுக் குடுத்த புள்ள இது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வீடு திரும்பியபின், மேரி முதல்முறை அப்படிக் கூப்பிட்ட அன்றைய, வெட்டித் தொகுக்காத பதிவைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு முறை கூப்பிட்டபின்னும் மேரி பேசாமல் காத்திருப்பார். நீளமாக இருக்கிறதென்று அந்த இடைவெளிகளையெல்லாம் நான் வெட்டியிருந்தேன். இப்போது முழுதாகக் கேட்டேன். கூப்பிடுகிறார். மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு மிகத் தாழ்வாக, யாருக்கோ பதில் சொல்வதுபோல, "ம்" என்கிறார்.

அந்த அறையில் அன்று அவரைத் தவிர இருந்தது நான் மட்டும்தான். நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. மேரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு "ம்" மட்டுமே.