பீரங்கிக்குப் பின்னால்

டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்குப் பீரங்கியைக் காட்டிவிட்டுத்தான் என் கணவர் படகுத்துறைக்குப் போவார். கற்பிட்டியில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கடற்கரையில் சீமெந்துக் கட்டின்மேல் கிடக்கும் அந்த ஆங்கிலேயர் காலத்து இரும்பைப் பற்றிக் கேட்காமலே விளக்கியவர் அவர் ஒருவர்தான். வீட்டிலும் அதே கதை. முன்வாயால் வெடிமருந்து திணிக்கும் பீரங்கிகள் போய், பின்பக்கம் திறந்து நிரப்புகிறவை வந்த வரலாற்றை மீன் கழுவிக்கொண்டே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்றா சொன்னேன்? காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பாரிசவாதம் வந்து அவருடைய பேச்சு நின்றுபோனதும் வீட்டின் அமைதி என்னைத் தின்றது. மாதக்கணக்கில் ஒரு சொல் இல்லை. அவருக்கு விருப்பமானதைப் பேசிக்கொண்டே இருங்கள் என்றார் டொக்டர். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன், கொடுவா மீனைப் பற்றிப் பேசினேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போன கிழமை, அஸர் தொழுததும், கைத்தாங்கலாகப் பீரங்கியடிக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லில் உட்காரவைத்தேன்.

அவர் சொல்வதுபோலவே நான் தொடங்கினேன். முதலில் வெடிமருந்துப் பை, அதன்மேல் குண்டு. அவர் இடக்கையை ஆட்டி மறுத்தார். குண்டா முதலில் என்று கேட்டேன். இன்னும் பலமாக ஆட்டினார். பிறகு எதையோ தண்ணீரில் நனைத்துக் குழாய்க்குள் துடைப்பதுபோல் காட்டினார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முந்திய வெடியின் தணல் உள்ளே கிடந்தால், புதுப் பை திணிக்கிறவன் கையிலேயே வெடிக்கும். ஈரத் துடைப்பம்தான் முதல் வேலை. சட்டியைக் கழுவாமல் அடுத்த கறி வைக்காத எனக்கு இது எப்படி மறந்தது?

துடைத்தேன். பையை வைத்தேன். துணியடைப்பும் குண்டும் போட்டு நீளத் தடியால் இடித்தேன். எல்லாம் வெறுங்கை நடிப்புத்தான். முக்காடு நழுவ நழுவ நான் ஆடிய கூத்தைப் பார்த்து, வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நெருப்பு வைக்கும் துளையைத் தேடிப் பின்பக்கம் போய்க் குனிந்தேன்.

"புள்ள."

குழறிய குரல். திரும்பினேன். அவர் கல்லிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

"பின்னுக்கு... நிக்காத."

வெடித்ததும் பீரங்கி பின்னால் பாயும். கப்பல்களில் தடித்த கயிறு போட்டுக் கட்டியும், பின்னால் நின்றவர்களை அது நசுக்கியிருக்கிறது. இந்தப் பீரங்கி கடைசியாக வெடித்து நூறு வருஷத்துக்கு மேலிருக்கும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அழுதுகொண்டே விலகி நின்றேன். நான் சரியாக விலகிவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.