ஓமும் ஆமாவும்

ஒரு கட்டுரைக்காகவும், அதைவிட மேடையில் விட்ட வாய்க்காகவும் பொலிஸ் என்னை யாழ்ப்பாணத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, நான் மலைநாட்டு நாவலப்பிட்டியில் ஒரு பலசரக்குக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கட்சிக் கூட்டங்களில் பழகிய தோழர். "பொண்டாட்டியோட அண்ணன், தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்திருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அண்ணன் வேடம் சுலபம். வாய்தான் சனியன். யாராவது "பருப்பு இருக்கா?" என்று கேட்டால், என் யாழ்ப்பாணத்து "ஓம்" வந்து விழுந்துவிடும். ஆள் போனதும் தோழரின் மனைவி கரண்டியோடு ஓடி வருவாள்.

"அண்ணே, ஆமான்னு சொல்லுங்க! உங்க ஓம் நம்ம எல்லாரையும் உள்ள தள்ளிரும்."

தமிழ் எழுதிப் பெயர் வாங்கியவனுக்குத் தமிழ் வகுப்பு! கோபம் கோபமாக வரும். அவளா விடுவாள்? சோறு போடும்போதும் பாடம்தான். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்பாள். "ஓம்" என்றால் குழம்புக் கரண்டி அப்படியே நிற்கும். பசிக்கு முன்னால் என்ன யாழ்ப்பாணம்? ஆமா என்றேன். அவளோ என்னைப் பகிடி பண்ணுவதற்காக நாள் முழுக்க "ஓம், ஓம்" என்று இழுத்துச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம், அவள் கடையில் சாமிப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சிவில் உடுப்பில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"தோட்டத்து ஆளா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். என் ஆயுளில் நான் பேசிய மிக நல்ல தமிழ் அதுதான்.

அவள் பக்கம் திரும்பினார். "உன் அண்ணனா?"

"ஓம்" என்றாள் அவள்.

நான் தராசைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கும் விளங்கிவிட்டது. சட்டென்று கண்ணை மூடிக் கைகூப்பி, "நமசிவாய... ஓம் நமசிவாய..." என்று இழுத்துக்கொண்டே போனாள். பிறகு திரும்பி, "மன்னிச்சிருங்கய்யா, வெளக்கு வைக்கிற நேரம். ஆமா, எங்கண்ணன்தான்" என்றாள். அவர் சீனி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த சோறு அடிப்பிடித்துப்போனது.

பிறகு நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. வந்துசேர்ந்த இந்த நாட்டில் யாழ்ப்பாணத்து ஆட்கள் என் பேச்சைக் கேட்டு, "நீங்கள் மலைநாடோ?" என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எத்தனையோ வருடம் கழித்து, போன மாதம் அவளுடைய தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அழைப்பெடுத்து, "ஹலோ" என்றேன்.

"யாரு... அண்ணனா?"

"ஆமா" என்றேன்.

மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. "இனி ஓம்னே சொல்லுங்கண்ணே. யாரும் புடிச்சிட்டுப் போகமாட்டாங்க."

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆமா என்றுதான் வந்தது.