என் அறைக்குப் பின்னால் அண்ணன் கொட்டிய மண்

சென்ற ஆண்டு புரட்டாசி இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை. அண்ணன் எழுந்து முகம் கழுவி, அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தள்ளுவண்டியின் இரண்டு சக்கரங்களையும் கையால் அழுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். வாசலில் குவிந்திருந்த செம்மண்ணை வண்டியில் பாதியளவு வாரிப் போட்டு, பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அடுத்த நடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"பாப்பா, கொடை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேண்ணே. போயிட்டு வரேன்."

எல்லா நாளும் போலத்தான் அந்த நாளும் தொடங்கியது.

அண்ணன் பெண்ணாடத்துக்கு அருகில் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். நான் பள்ளியில் சேர்ந்த வருடம் அது. அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு விருத்தாசலம் வந்து பீங்கான் கம்பெனியில் சேர்ந்தார். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பியூஸ் கட்டைகளின் ஓரப் பிசிறைத் தேய்த்து எடுப்பது அவர் வேலை. மாலையில் வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசியில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார், திருமணம் செய்து வைத்தார். என் கணவர் மறைந்தபோது காரியம் முடிந்த அன்று, "பொட்டிய எடுத்துக்க, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார். கொல்லைப் பக்கம் எனக்கென்று ஓர் அறை கட்டிக் கொடுத்தார்.

அந்த இடம் பள்ளம். முதல் ஐப்பசி மழையிலேயே அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் கட்டிலின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்ததை அண்ணன் கதவருகே நின்று பார்த்தார். அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார்.

அடுத்த மழைக்கு முன் கொல்லையை மேடாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு டிராக்டர் செம்மண் இறக்கினார். அதற்குள் அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. நுரையீரலில் பழைய தூசி படிந்திருப்பதாகவும், இனி பாரம் தூக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"தூக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு? தள்ளக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார் அண்ணன். சென்னையிலுள்ள மகளிடம் சொல்லி அந்த வண்டியை வரவழைத்தார். பெட்டியில் தனித்தனியாக வந்த பாகங்களை முற்றத்தில் பரப்பி, அவரே முடுக்கிச் சேர்த்தார். எதிர் வீட்டு சலீம் பாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, ஐஸு விக்கப் போறீங்களா? மணி ஒண்ணு கட்டிடுங்க, புள்ளைங்க ஓடி வரும்."

"மொத கப்பு ஒங்களுக்குத்தான் பாய். செம்மண்ணு ஐஸு."

சிரித்து முடித்துவிட்டுப் பாய் சொன்னார். "நம்ம கடப் பசங்கள அனுப்புறேண்ணே. ஒரே மூச்சுல வாரிப் போட்டுடுவானுங்க."

"கொட்டிட்டுப் போயிடுவானுங்க பாய். தண்ணி பாப்பா ரூமாண்ட நிக்காம ஓடணும். ஒவ்வொரு நடைக்கும் மட்டம் பாத்து இழுத்து விடணும். நானே பாத்துக்கறேன்."

அப்படியேதான் செய்தார். ஒரு நடை கொட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். பிறகுதான் அடுத்த நடை. போகும் வழியில் கறிவேப்பிலைக் கன்றருகே வண்டியை நிறுத்தி, குனிந்து இலையைத் திருப்பிப் பார்ப்பார். கொஞ்ச தூரம் போய் முருங்கையடியில் மறுபடி நிற்பார். அண்ணனுக்கு வயதான காலத்தில் செடிகள் மேல் ஆசை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் போன பிறகு ஒருநாள் அதை அண்ணியிடம் சொன்னேன்.

"செடியப் பாக்கவா நின்னாரு? மூச்சு வாங்க நின்னாரும்மா. நீ பாத்தா பயப்படுவேன்னு எலையத் திருப்பிக்கிட்டு நிப்பாரு" என்றார் அண்ணி.

இதை எழுதும்போதும் என்னால் அந்தக் கன்றிருக்கும் பக்கம் பார்க்க முடியவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை நான் திரும்பியபோது லேசாகத் தூறியது. அண்ணன் என் அறைச் சுவரோரம் மண்ணை நிரவிக்கொண்டிருந்தார். "இங்க முடிஞ்சுது பாப்பா. இனிமே சந்து ஓரந்தான். மழை ஒரு வாரம் பொறுத்தா போதும்" என்றார். வெற்று வண்டியைத் திருப்பினார். கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்தில் செடி எதுவும் இல்லை. நான் "அண்ணே" என்றேன். அவர் மெல்லக் குனிந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சலீம் பாய் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். இங்குள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கடலூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே அன்றிரவே அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. என் அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காய்ந்த தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த ஓராண்டில் எங்களைத் தனியே விடாத உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை செய்த கம்பெனித் தோழர்களுக்கும், எங்கள் தெருவுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் போன மறுநாள் காலை அவர்கள் செய்ததை எழுதி வைப்பதே நான் அறிந்த நன்றி.

விடியும்போது அண்ணனை ஏற்றிய ஆம்புலன்ஸ் தெருவில் வந்து நின்றது. வாசலில் மீதி மண் கிடந்தது. அவரை உள்ளே கொண்டுவர வழி போதவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். ஒருவர் வண்டியைப் பிடித்தார், மற்றவர்கள் வீட்டுக்கு வீடு அன்னக்கூடைகளோடு வந்தார்கள். அண்ணி மட்டும் எழுந்து சந்துக்குப் போய் நின்றார். "கொட்டிட்டுப் போயிடாதீங்க. அவரு போட்ட மாதிரி சரிவா இழுத்து விடுங்க" என்றார். அவர்கள் தட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, சரிவாகவே போட்டார்கள். அது முடியும் வரை அண்ணன் தெருவில் காத்திருந்தார்.