நெஞ்சுப் பெட்டியும் பாலத்தடிச் சென்றியும்

பிறத்தியாரின் நெஞ்சுத் துடிப்பைத் தாளில் இறக்கி எடுப்பது என் உத்தியோகம். அதைச் செய்து செய்து என் நெஞ்சு பட்ட பாட்டை எந்தத் தாளிலும் இறக்க முடியாது. ஊசி போடுகிறவர்கள், எக்ஸ்ரே எடுக்கிறவர்கள், நோயாளியிடம் ஒன்று சொல்லி அவர் வேறொன்று செய்துவிட்டு வந்து நிற்கத் தலையில் கைவைத்தவர்கள் எல்லாரும் இதைப் படிக்கலாம். நாம் எல்லாரும் ஒரே கட்சி.

சண்டைக் காலம். மட்டக்களப்பில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். பார்த்தால் சின்ன ரேடியோ மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கசெட், இரண்டு பற்றரி. வெளியே ஐந்து வயர். வயர்களை நெஞ்சில் ஒட்டி, பெட்டியை இடுப்பில் கட்டி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அடுத்த நாள் அதே நேரம் வரைக்கும் அவருடைய ஒவ்வொரு துடிப்பும் கசெட்டில் ஏறும். இருதயம் தளர்ந்து, கால் வீங்கி, மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியாமல் வருகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கட்டுவோம். கட்டிலில் கிடத்திக் கொஞ்ச நேரம் பார்த்தால் எந்த நெஞ்சும் நல்ல பிள்ளையாக நடிக்கும், வீட்டுக்குப் போனால்தான் சுயரூபம் தெரியும் என்பார் எங்கள் பெரிய டொக்டர். சொல்வது அவருக்குச் சுகம். ஐந்து வயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அந்தக் காலத்தில் பஸ் ஏறுவது என்னவென்று ஏறினவருக்குத்தான் தெரியும். கடைசியில் என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்வேன், அதற்கு முன் மற்றவர்களுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதம்

முதல் ஆள் ஆரையம்பதிக்காரர். வாவியில் வலை வீசுகிறவர், வயது அறுபதுக்குக் கிட்ட. அவருக்காகவே நான் ஒரு கடிதம் தயாரித்தேன். "இதைக் கொண்டு வருபவர் இருதய நோயாளி. இவர் உடம்பில் இருப்பது வைத்தியக் கருவி. தயவுசெய்து கழற்ற வேண்டாம்." மூன்று பாஷையில் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்தி, ஒவ்வொரு தடவையும் எழுதச் சோம்பல்பட்டு ஒரேயடியாக நாற்பது பிரதி எடுத்து மேசை லாச்சியில் வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மனிதரை ஆமியின் சோதனைச் சாவடியில், எங்கள் பாஷையில் சென்றியில், பஸ்ஸால் இறக்கியிருக்கிறார்கள். சட்டையைத் தூக்கச் சொன்ன ஆமிக்காரப் பொடியன் வயரைக் கண்டதும் நாலு அடி பின்னால் போய்விட்டானாம். இவர் இரண்டு கையையும் தூக்கியபடி, கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது என்று கண்ணால் காட்டியிருக்கிறார். அவன் துவக்கை ஒரு கையில் நீட்டிக்கொண்டு மற்றக் கையால் கடிதத்தை உருவி எடுத்து வாசித்து முடிக்கும் வரைக்கும் பஸ்ஸில் இருந்த சனம் மூச்சு விடவில்லை. அடுத்த நாள் பெட்டியைக் கழற்றும்போது, பயந்துவிட்டீர்களா ஐயா என்று கேட்டேன். "எனக்கு ஒரு படபடப்புமில்ல மகள். அவன்ட கையில கடதாசி கிடந்து நடுங்கினதப் பாத்திருக்கணும் நீங்க. பெட்டிய அவனுக்கெல்லோ கட்டியிருக்கணும்" என்றார்.

வாத்தியாரின் கொப்பி

பெட்டியோடு ஒரு கொப்பியும் கொடுப்போம். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். நடந்தது, சாப்பிட்டது, சண்டை பிடித்தது எல்லாம். பலர் வெறுங்கொப்பியைத் திருப்பித் தருவார்கள். தேற்றாத்தீவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் முத்து முத்தான எழுத்தில் நாலு பக்கம் எழுதியிருந்தார். "4.10: ஷெல் சத்தம். 4.12: கட்டிலுக்குக் கீழ் சென்றேன். 4.30: கட்டிலுக்குக் கீழேயே தேநீர் அருந்தினேன். சீனி குறைவு."

வேடிக்கை என்னவென்றால், ஷெல் அடித்த நேரம் முழுவதும் அவருடைய நெஞ்சு ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. ஐந்து மணிக்கு மேல்தான் குதிரை ஓட்டம். அந்த இடத்தில் கொப்பியில் ஒன்றுமே இல்லை. ஐந்து மணிக்கு என்ன நடந்தது என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்டார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் கேக்கக்குள்ள எங்க விழுகுதெண்டு தெரியும் டொக்டர். அஞ்சு மணிக்குச் சத்தம் நிண்டிற்று. நிண்டாத்தான் எனக்குப் பயம்."

பற்றரி

இனிப் பொன்னம்மாவின் கதை. வெல்லாவெளிப் பக்கம் ஊர். புருஷன் சாமித்தம்பிக்கு அங்கே வட்டையில், அதாவது வயல்வெளியில், கொஞ்சம் காணி. பொன்னம்மாவுக்கு இருதயம் தளர்ந்து இரண்டு வருஷம். குளிசை விழுங்கிக்கொண்டு ஓடியாடித் திரிந்த மனுசி, புதிதாக அடுப்படியில் மயங்கி மயங்கி விழத் தொடங்கியிருந்தார். வார்டில் ஒரு கிழமை வைத்துப் பார்த்தோம், ஒருதரம்கூட விழவில்லை. துடிப்பு தாறுமாறாகிறதால் விழுகிறாரென்றால் கொழும்புக்கு அனுப்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் அனுப்பவே கூடாது, அந்த உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்றார் டொக்டர். போனால் வழியில் சாகலாம், போகாவிட்டால் வீட்டில் சாகலாம். எது என்று பெட்டிதான் சொல்ல வேண்டும்.

வெல்லாவெளி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அது அப்போது ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில். இந்தப் பக்கம் ஆமியின் கையில். நடுவில் பாலத்தடியில் பெரிய சென்றி. குண்டுக்கு உதவும் என்று அங்கே பற்றரி கொண்டுபோகத் தடை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்கு நினைவு வரவில்லை. கடிதத்தைப் பார்த்துப் பெட்டியை விட்டுவிட்டார்கள், இரண்டு பற்றரியையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் பொன்னம்மா புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஏறி இறங்கி இளைத்தபடி வந்தார். வெறும் பெட்டியை நாள் முழுக்கச் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. பற்றரி போனதும் கழற்றி வைத்திருக்கலாமே அம்மா என்றேன். "பற்றரி இல்லாட்டி என்ன மிஸ்ஸி, பெட்டி கிடந்ததுதானே. நீங்க சொன்னாப்போல ஒரு வயரையும் நான் கழட்டல்ல" என்றார்.

நல்ல பதிவு

இரண்டாவது தடவை கடிதத்தின் அடியில் "பற்றரி இரண்டு" என்று எழுதி, அதற்கு மேலும் ஒரு முத்திரை குத்தினேன். வயர்களைப் பொன்னம்மாவுக்கு ஒட்டும்போது சாமித்தம்பி பக்கத்தில் நின்று, சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனுசனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். ஒட்டு விட்டுப்போனால் ஒட்டுங்கள் என்று பிளாஸ்டர் சுருளும் கொடுத்து அனுப்பினேன்.

இந்த முறை கசெட் நிறையப் பதிவாகி வந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் கொஞ்சம் கிறுக்கல், பஸ் குலுக்கமாக்கும் என்று விட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மூன்று தடவை துடிப்பு கட்டறுத்த மாடாக ஓடியிருந்தது. பிறகு மறுபடியும் கிறுக்கல். பிறகு அடுத்த நாள் காலை வரைக்கும் அமைதி. டொக்டர் தாளைப் பார்த்த மாத்திரத்தில், கொழும்புக்கு எழுது என்றார். நான் பேனையை எடுத்தேன். வாசலில் நின்ற சாமித்தம்பிக்கு விஷயத்தைச் சொன்னதும் மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. "கொழும்புக்கா? அவளையா? இந்தப் பாலத்தடிக்கே அவளால ஏலாது டொக்டர்" என்றார்.

கையெழுத்து வேறு

நாலைந்து வருஷம் இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு நெஞ்சுக்கும் ஒரு கையெழுத்து உண்டு. பொன்னம்மாவின் துடிப்பு தாளில் தாழ்ந்து, அகன்று கிடக்கும். கொழும்புக் கடிதத்தோடு இணைக்கத் தாளை வெட்டும்போதுதான் கண்ணில் பட்டது: அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் இருந்த துடிப்பு ஒடுங்கி, உயர்ந்து நின்றது. முதலில் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். பிறகு மிசினை. பிறகுதான் இரண்டு கிறுக்கலும் நினைவுக்கு வந்தன. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். இது யாருடைய நெஞ்சு என்று கேட்டேன். பொன்னம்மா சேலைத் தலைப்பைத் திருகினார். சாமித்தம்பிதான் வாயைத் திறந்தார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் களுவாஞ்சிகுடியில் தங்கச்சி வீட்டில் இறங்கி, ஐந்து வயரையும் மனைவியிடமிருந்து கழற்றித் தன் நெஞ்சில் ஒட்டியிருக்கிறார். பெட்டியைத் தன் இடுப்பில் கட்டி, சட்டையைத் தூக்கிக் காட்டிச் சென்றியைக் கடந்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் சிவப்பைச் சிவப்பின் இடத்திலும் வெள்ளையை வெள்ளையின் இடத்திலும் மறுபடி பொன்னம்மாவுக்கு ஒட்டியிருக்கிறார். திரும்பி வரும்போது பெட்டியைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருக்கிறார்கள். யாரும் மறிக்கவில்லை. மறிக்கக் கடிதத்தில் பெயர் இருந்தால்தானே! "இதைக் கொண்டு வருபவர்" என்று நாற்பது பிரதி எடுத்த கெட்டிக்காரி நானல்லவா?

வாய்க்கு வந்தபடி ஏசினேன். உங்களுடைய நெஞ்சைப் பார்த்து இவரைக் கொழும்புக்கு அனுப்பி, இவர் வழியில் செத்திருந்தால் யார் பொறுப்பு என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே பொறுப்பு யாரென்று எனக்குத் தெரியும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போன தடவ பொம்புளையளச் சோதிக்கிற கொட்டிலுக்குள்ள சட்டையக் கழட்டி நிக்க வச்சிட்டாங்க மகள். இளைச்சு இளைச்சு, அழுதுகொண்டுதான் வெளிய வந்தவள். மறுகாவும் அவள எப்பிடி அதுக்குள்ள அனுப்புற?"

வருத்தக்காரர் யார்

டொக்டர் ஏசவில்லை. இரண்டு பேரின் துடிப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பொன்னம்மாவின் துடிப்பில் பிழையில்லை, மயக்கத்துக்குக் காரணம் நாங்கள் கொடுத்த குளிசை கூடிப்போனது என்று கண்டுபிடித்து அதைப் பாதியாக்கினார். பிறகு சாமித்தம்பியை இருக்கச் சொன்னார். பயத்தில் ஓடுகிற நெஞ்சு வேகமாக ஓடினாலும் வரிசையாக ஓடும்; இது வரிசை குலைந்து ஓடியிருக்கிறது என்றார். முன்னம் எப்போதாவது இப்படி வந்ததா என்று கேட்டார்.

சாமித்தம்பி மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் டொக்டரிடம் சொன்னார்: "வரம்பில நிக்கக்குள்ள சில நேரம் நெஞ்சுக்குள்ள மீன் துடிச்சாப்போல இரிக்கும். குந்தினா நிண்டிரும். இதையெல்லாம் ஆரிட்டச் சொல்ற? வருத்தக்காரி அவளெல்லோ." பொன்னம்மா அதைக் கேட்டுத் திரும்பினார். இரண்டு வருஷமாகத் தனக்குக் குளிசை எடுத்துத் தந்த மனுசனை அன்றைக்குத்தான் முதல்முதல் காண்கிறவர் மாதிரிப் பார்த்தார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லயே நீங்க" என்றார்.

பெயர் எழுதிய கடிதம்

பாலத்தடியில் நடந்தது வயல் வேலையிலும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், இவருக்கே ஒரு நாள் முழுக்கக் கட்டு என்றார் டொக்டர். புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். முழுப் பெயர், வயது, ஊர், ஆண் என்று எல்லாவற்றையும் போட்டேன். வயர் ஒட்டும்போது இந்தத் தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர் பொன்னம்மா. சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று விரலை நீட்டி நீட்டிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் அம்மா கேட்கிறீர்கள் என்றேன். அவர் புருஷனுக்குக் கேட்காமல் என் காதடியில் குனிந்து சொன்னார்: "பாலத்தடி மட்டும் நான் கட்டிற்றுப் போறன் மிஸ்ஸி. அவர்ர நெஞ்சு அங்க ஓடுதெண்டு நீங்கதானே சொன்னீங்க."

விடவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினேன். சாமித்தம்பியின் நெஞ்சு பாலத்தடியில் ஒழுங்காக நடந்து, அடுத்த நாள் காலை வட்டையில் தண்ணீர் கட்டும்போது கட்டறுத்தது. கொழும்புக்குப் போனது அவர்தான். குளிசையோடு திரும்பி வந்தார். பொன்னம்மா அதற்குப் பிறகு அடுப்படியில் விழவில்லை. மாதம் ஒருமுறை இரண்டு பேரும் கிளினிக்குக்கு ஒன்றாக வந்து, அவர் குளிசை விழுங்கவில்லை என்று இவரும், இவர் விழுங்கவில்லை என்று அவரும் என்னிடம் கோள் சொல்லிவிட்டுப் போனார்கள். பெயர் எழுதாமல் ஒரு கடிதமும் பிறகு நான் கொடுத்ததில்லை. ஆனாலும் புருஷன் பெண்சாதியில் ஒருவர் நெஞ்சைக் காட்ட வந்தால், வாசலில் நிற்கிற மற்றவரையும் கட்டிலில் ஏற்றிப் பார்க்காமல் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.