அய்யா கழற்றிக் கொடுத்த செபமாலை

எங்கள் அய்யாவைக் கல்லறையில் வைத்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். எதை எழுதுவது, எதை விடுவது என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அய்யா பாம்பனில் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தம் தந்தையாரின் மீன்பிடி வல்லத்தில் ஏறினார். புயலில் அந்த வல்லம் உடைந்த பிறகு பிறர் படகில் கூலிக்குப் போய் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். மீன் நிறையப் பட்டாலும் குறைவாகப் பட்டாலும், கணவரை இழந்த பக்கத்து வீட்டு அத்தைக்குக் குழம்புக்கு ஒதுக்கிய பிறகே எங்கள் வீட்டில் சட்டி அடுப்பேறும்.

கடலுக்குப் புறப்படும்போது அய்யா தம் கழுத்துச் செபமாலையைக் கழற்றிவிடுவார். வலை இழுக்கையில் அது மாட்டிக்கொள்ளும். அதை வீட்டின் இளைய பிள்ளைக்கு அணிவித்து, "நான் வார வரைக்கும் கழட்டாம எனக்காகச் செபிச்சுக்க" என்பார். அவருடைய தந்தையார் அவருக்கு அப்படித்தான் அணிவித்தாராம். பிறகு நான் அணிந்தேன், தம்பி அணிந்தான். கடைசியாக, ஐந்து வயதான என் மகள்.

"கழுத்து அரிக்குது தாத்தா."

"அரிக்கட்டும் ஆத்தா. அப்பத்தான் என் நெனப்பு வரும்."

அப்படி அவளுக்கு அணிவித்துப் போன அன்று, வலை இழுக்கும்போது அய்யா தவறிக் கடலில் விழுந்தார். மறுநாள் உடலாகத்தான் கரைக்கு வந்தார். துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர் என் மகளிடம், "மாலையக் கழட்டுனியாடி?" என்று கேட்டுவிட்டார். வேதனையில் கேட்டதுதான்.

"குளிக்கையில மட்டும்" என்றாள் அவள்.

மாலையை அய்யாவின் கைகளில் சுற்றியே அடக்கம் செய்தோம். அதன்பின் என் மகள் செபம் சொல்ல வாய் திறப்பதில்லை.

அய்யாவுக்குப் பிறகு கடலுக்குப் போகாதிருந்த தம்பி, சென்ற மாதம் மீண்டும் புறப்பட்டான். புதுச் செபமாலையோடு குனிந்தவனைக் கண்டதும் அவள் இரு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் மாமா. நான் மறந்து கழட்டிருவேன்."

"சின்னப் பிள்ளைதான் போடணும். நம்ம வீட்டு வழக்கம்ல" என்றார் அம்மா.

"விடும்மா. அக்கா, நீ போட்டுக்க" என்று தம்பி அதை என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனான்.

ஒரு குழந்தை குளித்ததற்காகக் கடவுள் யாரையும் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தினமும் சொல்கிறேன். ஆனால் தம்பி கரையேறும் வரை நானும் மாலையைக் கழற்றுவதில்லை, குளிக்கும்போதும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அய்யா எனக்குத் தந்தது விசுவாசமா பயமா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் பயம் இருந்ததாக நினைவில்லை.

தங்கள் தொழிலை விட்டு அய்யாவைத் தேடிப் படகெடுத்த மீனவச் சகோதரர்களுக்கும், அடக்கம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டுக்கு வருபவர்கள் என் மகளைச் செபம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டாம். அவளாகச் சொல்லும் நாள்வரை, அவள் பங்கையும் சேர்த்து நீங்கள் சொல்லுங்கள்.