அருளப்பு அண்ணையின் சாணவாயு அடுப்பு

அருளப்பு அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் அடுப்பில் பால்ரொபி இனிப்புக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் பேசியது அவருடைய மகள் ஜெசிந்தா, பளையில் திருமணம் செய்து இருக்கிற பிள்ளை. "அன்ரி, அப்பா போயிட்டார். விடிய எழும்பித் தேத்தண்ணி கேட்டவர். அம்மா ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ளை கதிரையிலையே..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பால்ரொபி கிண்டுகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பதத்தில் கையை எடுத்தால் பால் அடிப்பிடித்துவிடும். நான் கையை எடுத்துவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே குந்தியிருந்து அழுதேன். அந்த அடுப்பைச் செய்து தந்தவர் அவர்தான்.

உங்களில் பலர் அவரை வள்ளத்து இஞ்சின் திருத்துகிறவராக அறிவீர்கள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். நாயாற்றுப் பக்கத்தில் அவர் கை படாத இஞ்சின் இல்லை என்பார்கள். பிறகு கிளிநொச்சிக்கு வந்து, உருத்திரபுரம் போகிற வழியில் ஒரு கராஜ் போட்டார். நாள் முழுக்கக் கிரீசோடு வேலை செய்கிற மனிதர் எப்போதும் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டுதான் நிற்பார். தன்னைப் போல ஒரு மெக்கானிக் வன்னியில் இல்லை என்று அவரே சொல்லுவார். நாங்கள் சொல்லும் வரைக்கும் காத்திருக்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எளிமையானவர், அடக்கமானவர் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அவர் எழும்பி வந்து என்னோடு சண்டைக்கு நிற்பார்.

எனக்கு அவரிடம் போகவேண்டி வந்த கதையைச் சொல்லவேண்டும். என் அப்பா மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வெறுங்கையோடு உருத்திரபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். எனக்கு அவர் விட்டுப்போனது மாடுகளும் இந்த வளவும். பால்ரொபியும் நெய்யும் செய்து கடைகளுக்குக் கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஆனால் எனக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். விறகுப் புகையில் ஆண்டுக்கணக்காக நின்று நின்று, கடைசியில் கிணற்றடிக்குப் போய் வருவதற்கே நடுவில் ஒருதரம் குந்தியிருக்கவேண்டிய நிலை வந்தது. "இனி விறகடுப்புப் பக்கம் போனீங்கள் எண்டால் நான் ஒண்டும் செய்யேலாது" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த நாட்களில் சிலிண்டர் காஸ் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. அடுப்பை விட்டால் பிழைப்புப் போகும், விடாவிட்டால் மூச்சுப் போகும். இதுதான் என் நிலை.

வீட்டில் ஒரு சாணவாயுக் குழி இருந்தது. எப்போதோ ஒரு திட்டத்தில் கட்டித் தந்தார்கள். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து விட்டால் உள்ளே வாயு உண்டாகிக் குழாய் வழியாகக் குசினிக்கு வரும். வந்தது; ஆனால் அதோடு தந்த அடுப்பில் ஒரு தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் தாகமே போய்விடும். ரொபிச் சட்டியை அதில் வைப்பது வீண் வேலை. ஆகவே அடுப்பைக் கழற்றி உரப்பையில் கட்டிக்கொண்டு, என் கணவரின் மோட்டார்சைக்கிளில் அருளப்பு அண்ணையிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் செய்தவன் சமைச்சும் இருக்கமாட்டான், இஞ்சினைத் திறந்தும் இருக்கமாட்டான்" என்றார். பிறகு சொன்னதை நான் எத்தனையோ பேருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். "இஞ்சினுக்கும் அடுப்புக்கும் சாப்பாடு ஒண்டுதான் தங்கச்சி. வாயுவும் காத்தும். அளவு பிழைச்சால் ரெண்டும் ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கும்."

அன்று தொடங்கியது அவருடைய படையெடுப்பு. வாயு வருகிற துளை ஊசிக்கண் போல இருந்தது, அதைப் பெருப்பித்தார். சுவாலை ஆளுயரத்துக்கு மஞ்சளாக எழுந்து சட்டியைக் கரியாக்கியது. காற்றுப் போகிற வாயைக் கூட்டினார். சுவாலை நீலமானது, ஆனால் அடுப்பை விட்டு மேலே எழும்பித் துள்ளி அணைந்தது. இரும்புக் குழாய் மூடியில் துளைகள் போட்டுப் புதிய தலை செய்தார். ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி" என்பார். அடுத்த ஞாயிறு தேவாலயத்துப் பூசை முடித்த கையோடு வேறொரு தலையோடு வந்து நிற்பார். நான் கேலி செய்தால் முறைப்பார்.

ஒருநாள் தண்ணீர் கடகடவென்று கொதித்தது. என் கணவர் கைகூடத் தட்டிவிட்டார். அண்ணை அசையவில்லை. "தண்ணி ஆரிட்டையும் கொதிக்கும். பாலை வையுங்கோ." பாலை வைத்தேன். நடுவில் வட்டமாக அடிப்பிடித்தது. நெருப்பு முழுவதும் ஒரே இடத்தில் குவிகிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. துளைகளை வெளிப்பக்கம் சரித்துப் போட்டு, நெருப்பு சட்டியின் அடி முழுக்கப் பரவும்படி மாற்றினார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடுப்பின் சத்தத்தைக் கேட்பார். இரைந்தால் காற்றுக் கூட, விம்மினால் காற்றுக் குறைவு. கேட்டபடியே காற்று வாயில் பூட்டிய வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். அந்த நேரத்தில் குசினிக்குள் யாரும் கதைக்கக்கூடாது.

ஆடியில் சோளகக் காற்று எழும்பியது. எங்கள் குசினிக்கு மேற்குப் பக்கச் சுவர் பாதிதான். ஒரு வீச்சில் அடுப்பு அணைந்து, வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது; நான் கவனிக்கவில்லை. தற்செயலாக வந்த அண்ணைதான் பாய்ந்து வாயுக் குழாயின் திறப்பை மூடினார். பெருமை பேசுகிற மனிதரின் முகம் வெளிறிப்போயிருந்ததை அன்றுதான் பார்த்தேன். "கடலிலை காத்துக்குப் பயந்து படிச்சனான். குசினியிலை மறந்துபோனன்" என்றார். மறுநாள் ஒரு பழைய தகர ரின்னை வெட்டி, அடுப்பைச் சுற்றிப் பாவாடை போல ஒரு மறைப்புக் கட்டினார். கையை நீட்டிச் சோளகம் வருகிற பக்கத்தைப் பார்த்து ஏதோ தூஷணமும் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

மார்கழியில் அடுப்பு சொன்னபடி கேட்டது. அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. தைப்பொங்கலை இந்த அடுப்பில்தான் பொங்கவேண்டும், ஊரெல்லாம் வந்து பார்க்கவேண்டும் என்று முடிவு கட்டினார். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசைதான். புகை ஒத்துக்கொள்ளாததால் பல வருடங்களாக எங்கள் வீட்டுப் பொங்கலை நான் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன், கணவர்தான் துழாவுவார். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "சாணி காஸிலை சூரியனுக்குப் படைக்கிறதோ?" என்றா. "வீட்டு முத்தத்தை எதாலை மெழுகிறியள் அக்கா?" என்று அண்ணை கேட்டார்.  கட்டாயம் வந்து பார்ப்பேன் என்று அக்கா சொன்னா, அந்தச் சொல்லில் இருந்த காரம் எங்களுக்கு விளங்கியது.

பொங்கலுக்கு முந்திய கிழமை அண்ணை ஒரு வாளி சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு வந்து இறங்கினார். அவர்களுடைய கரையில் திருநாள் வந்தால் கொடியேற்றத்துக்கு முன் கோயிலை இப்படித்தான் தேய்த்துக் கழுவி வெள்ளை அடிப்பார்களாம். "உங்கட ஆக்கள் மாட்டுக்குப் பொங்கிறனீங்கள். அப்ப மாட்டுக்கொட்டில்தானே கோயில்?" என்றார். நாங்கள் தடுக்கத் தடுக்க, தானே இறங்கி நிலமெல்லாம் உரஞ்சிக் கழுவினார். கழுவிய தண்ணீர் முழுவதும் வழமை போல வாய்க்கால் வழியாக வாயுக் குழிக்குள் போனது. கொட்டில் பளிச்சென்று இருந்தது. நாங்கள் மூவரும் நின்று பார்த்து மகிழ்ந்தோம்.

பொங்கலன்று காலை. முற்றத்தில் கோலம், கரும்பு, புதுப்பானை. றப்பர் குழாயை நீட்டி அடுப்பை முற்றத்துக்கே கொண்டுவந்திருந்தோம். அயலெல்லாம் கூடியிருந்தது. நான் புதுச் சேலையோடு பானைக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணை நெருப்புக்குச்சியைக் கிழித்தார். சுவாலை விரலளவு எழுந்தது, நடுங்கியது, அணைந்தது. மறுபடி. மறுபடி. எல்லோருக்கும் முன்னால் அடுப்பைக் கழற்றிப் பூட்டினார், ஊதினார், கம்பி விட்டுக் குத்தினார். சூரியன் பனைக்கு மேலே வந்துவிட்டது. "நேரம் போகுது தம்பி" என்று பரமேஸ் அக்கா மெதுவாகச் சொன்னா. பாவம், அவாவுக்கும் அப்போது காரம் போய்விட்டது. என் கணவர் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார். நான் வேலியோரம் போய் நின்றேன். அன்று புகையைவிட வயிற்றெரிச்சல்தான் எனக்குக் கூட. அண்ணை பொங்கிய புக்கையும் வாங்காமல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு பல நாட்கள் அவர் வரவில்லை. கராஜில் இஞ்சின்களெல்லாம் கிடக்க, அடுப்புத் தலையாகச் செய்து தள்ளுகிறார் என்று கேள்விப்பட்டோம். நான் மறுபடி விறகடுப்புக்குப் போனேன். வேறென்ன செய்ய? இருமல் வந்தது, இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மாசியில் ஒருநாள் புதிய தலையோடு வந்தார். அதிலும் எரியவில்லை. நேரே போய் வாயுக் குழியின் மூடியைத் திறந்து குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"தங்கச்சி, இதுக்குள்ளை சாணி மணக்கேல்லை. எங்கட கோயில் மணக்குது."

எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். குழிக்குள் வாயுவை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பிளீச்சிங் பவுடர் போட்டு அவற்றையெல்லாம் அவரே கொன்றிருக்கிறார். "பிழை என்ரை! ஆனால் அடுப்பிலை பிழையில்லை!" என்று வளவு முழுக்கக் கேட்கக் கத்தினார். தான் செய்த மடையன் வேலையைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

குழியை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்கவேண்டும். எங்கள் மாடுகளின் சாணம் போதாது. அண்ணை வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கொய்யாக் கொப்பில் தொங்கப்போட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ச் சாணம் வாங்கித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாசற் படலையிலும் நின்று, தான் மாட்டுக்கொட்டிலைக் கோயிலாக்கிய கதையைத் தானே சொன்னார். பொங்கலன்று அவருடைய தலைகுனிவைப் பார்த்த அதே சனத்துக்கு, கேட்காமலே சொன்னார். பெருமை பேசுகிறவர்களை எனக்கு அதிகம் பிடிக்காது. ஆனால் தன் பெருமையை எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில் தன் பிழையையும் சொன்னவர் அவர். அதனால்தான் அவர் சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் நம்பினோம். பரமேஸ் அக்கா இரண்டு கூடை சாணம் கொடுத்தா.

பங்குனியில், ஒரு சாதாரணப் புதன்கிழமை, அடுப்பு நீலமாக எரிந்தது. பாலை வைத்தேன், அடிப்பிடிக்கவில்லை. "பானையை எடுங்கோ, பொங்குவம்" என்றார் அண்ணை. பொங்கல் முடிந்து எவ்வளவு காலம் என்று கணவர் சிரித்தார். "ஏன், சூரியன் தையிலை மட்டுமே வாறவர்?" என்றார் அவர். அயலைக் கூப்பிட்டோம். அன்று நான் வேலியோரம் நிற்கவில்லை. பானைக்குப் பக்கத்தில் நின்று என் கையால் அரிசி போட்டேன், என் கையால் துழாவினேன். பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து கீழே சுவாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கியது, அதற்குப் புகை காரணமில்லை.

அதற்குப் பிறகு நான் விறகடுப்புப் பக்கம் போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் சாணவாயுக் குழி உள்ள வீடுகளுக்கெல்லாம் அவருடைய அடுப்புப் போயிற்று. எங்கே பூட்டினாலும் முதலில் பிளீச்சிங் பவுடர் கதை, பிறகுதான் திறப்பு.

அவருடைய விருப்பப்படி அடக்கம் முல்லைத்தீவில் அவருடைய கரையிலேயே நடந்தது. கோயிலில் பூசை முடிந்து, பெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு அடக்கம் செய்கிற சேமக்காலைக்குப் புறப்பட்டார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் படலையோடு நின்றுவிடுவோம். என் அப்பாவையும் நான் படலையில் நின்றுதான் அனுப்பினேன். இவர்களில் பெண்களும் போகிறார்கள். நல்ல வெயில், கால் புதைகிற கடற்கரை மணல். ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள். "அன்ரி, நீங்கள் ஓட்டோவிலை வாங்கோ. உங்களுக்கு இந்த மணலுக்குள்ளை ஏலாது."

"இல்லைப் பிள்ளை, நடக்கிறன்" என்றேன்.

பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் பாடிய பாட்டு எனக்குத் தெரியாது, ஆனால் வாயசைத்துக்கொண்டு போனேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஓரிடத்திலும் குந்தியிருக்கவில்லை. குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன், எனக்கு மூச்சு வாங்கவேயில்லை. அருளப்பு அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அவரைக் கடைசி வரை நடந்து போய் அனுப்புவதற்குப் போதுமான மூச்சு.