ஒரு வாரம் குப்புறப் படுத்தவர்

கண் மருத்துவத்தில் கண்புரைப் பிரிவுக்குப் போயிருந்தால் தினமும் யாராவது நன்றி சொல்லக் கேட்டிருப்பேன். கட்டைப் பிரித்ததும் நோயாளி சிரிப்பார். நான் விழித்திரைப் பிரிவை எடுத்தேன். இங்கே போன பார்வையை முழுதாகத் திருப்பித் தர முடிவது குறைவு. மிச்சமிருப்பதைக் காப்பாற்றினாலே பெரிய காரியம். இத்தனை வருஷத்தில் அதில் எனக்கு வருத்தமில்லை.

கோத்தா திங்கி பக்கத்திலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைப் பழம் ஏற்றுகிறவர். இளவயதில் குலை வெட்டும்போது முள் குத்தி வலது கண் போய்விட்டது. இப்போது இடது கண்ணில் ஓரமாகத் திரை இறங்குவதுபோல் இருக்கிறது என்றார். பார்த்தேன். விழித்திரை கழன்றிருந்தது; நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே ஆப்பரேஷன் செய்யணும். கண்ணுக்குள்ள வாயு நிரப்புவோம். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, ஒரு வாரம் குப்புறப் படுத்தே இருக்கணும்," என்றேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். மனைவிதான் சொன்னார்: "இவரு ஒரு மணி நேரம் வீட்டுல உக்காந்தது இல்ல டாக்டர்."

"லோரி?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

"இருக்கிற ஒரு கண்ணும் இப்படி ஆனப்புறம் இனிமே லோரி வேணாம்ணே."

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க எனக்கு அவர் நினைப்புதான். இருக்கிற ஒரே கண்ணிலும் வாயு நிறைந்திருந்தால் எதுவும் தெரியாது. அந்த இருட்டில் எழுந்து நடமாடிவிடுவாரோ என்று பயந்தேன்.

ஏழாம் நாள் தலை குனிந்தபடியே வந்தார். முகத்தில் தலையணைத் தடம். விழித்திரை அழகாக ஒட்டியிருந்தது.

"எப்படிண்ணே சமாளிச்சீங்க?"

"இவ பக்கத்துல உக்காந்து வாசல்ல நடக்கறதெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தா டாக்டர். யாரு போறா, யாரு வர்றா, எந்தக் கோழி எங்க மேயுதுன்னு. முப்பது வருஷமா அந்த வீட்டுல இருக்கேன், பாதிப் பேரத் தெரியாது."

"இப்ப என்னைவிட அதிகமா வம்பு பேசுறாரு," என்றார் மனைவி.

வாயு கரைந்த பிறகு மறுபடி வந்தபோது பார்வைப் பலகையில் நான்கு வரி வாசித்தார். தோட்டத்தில் நாற்றுப் பண்ணையில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். லோரியை நினைத்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார்.

கிளம்பும்போது மனைவி, "உள்ள எப்படி இருக்குன்னு பாக்கலாமா?" என்று கேட்டார். விழித்திரைப் படத்தைத் திரையில் காட்டினேன். செம்மஞ்சள் வட்டம், அதில் மெல்லிய நரம்புகள்.

"பழுத்த செம்பனை மாதிரியே இருக்கு லா," என்றார் மனைவி.

இருவரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.